பன்னிரண்டு லிட்டர் பெட்டிக்குள் ஒரு தண்ணீர்ச் சுற்று

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காயாத துணி வாடை வீடு முழுக்க.

ரோசலின் காதுக் கருவிகளைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காரணம் என் கணினி. அதன் விசிறிச் சத்தம் கருவி வழியாக மண்டைக்குள் இறங்குகிறதாம். “லோரிய வீட்டுக்குள்ள நிறுத்தி எஞ்சின் போட்டாப்ல இருக்கு” என்றாள். மறுக்க முடியாது. கருவி இல்லாத எனக்கே தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில், பெரிய விசிறிகளுக்கு நடுவில் நிற்பதுபோல்தான்.

ஈப்போவில் காதுப் பரிசோதனைப் பெண் சொன்னவை: எழுந்தது முதல் படுக்கும்வரை போட்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் மூளை பழகாவிட்டால் அப்புறம் பழகுவது கடினம். பலர் அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறார்கள். 20ஆம் தேதி மறுபரிசோதனை. எவ்வளவு நேரம் போட்டிருந்தாள் என்பதைக் கருவியே பதிந்துவைத்திருக்கும். ஏமாற்ற வழியில்லை.

அலமாரிக்குப் போய்விடும் என்பதுதான் என் கவலை. ஒரு வருடமாகவே ரோ. ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறாள். மாதா கோயில் பாடற்குழு போயிற்று. தொலைபேசி போயிற்று. பக்கத்து வீட்டோடு பேச்சும் போயிற்று. எது சொன்னாலும் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு. கேட்காத சிரிப்பு.

கணினியை நிறுத்தினால் என்ன என்று அல்போன்ஸ் கேட்டான். (ரோ.வின் தம்பி, என் மைத்துனன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவு. உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் இரண்டு வரியில் விடை வைத்திருப்பவன்.) நிறுத்த முடியாது. என் நிருபர் காலத்து ஒலிநாடாக்கள் முழுவதையும் எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மென்பொருள் ஓடினால் கிராபிக்ஸ் அட்டை கொதிக்கும், விசிறி அலறும், பகல் முழுக்க. வேறு அறைக்கு மாற்றவும் முடியாது. பலகைத் தடுப்பு வீடு. எங்கே வைத்தாலும் கேட்கும்.

“இன்டர்நெட்டுல ஏத்திடுங்க மச்சான், ஓசியிலேயே எழுதிக் குடுக்குறான்.”

பெயரை வெளியே விடாதே என்று கேட்டுக்கொண்டு என்னிடம் பேசிய தோட்டத்து ஆட்கள். அவர்களின் குரலை முகம் தெரியாதவனின் இயந்திரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமாம். அதற்குப் பெயர் ஓசி.

முடிவு: அட்டையைக் குளிர்விக்க விசிறிக்குப் பதில் தண்ணீர். 20க்குள்.


நவம்பர் 4, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை, இழப்பு ஒன்றுமில்லை.

காணொளிகள் பார்த்தேன். எல்லாம் இளைஞர்கள். எல்லார் கையிலும் கறுப்புக் கையுறை, இதய அறுவை செய்யப் போவதுபோல. கணினிப் பெட்டியின் அகலத்தைச் சொல்வதற்குள் வேறு ஒரு கடையின் விளம்பரம். பிறகு விளக்குகள். மாரியம்மன் கோயில் திருவிழாவில்கூட இத்தனை நிறம் எரிவதில்லை. தண்ணீருக்குப் பச்சைச் சாயம், ரோஜா நிறச் சாயம். கியா பார்ம் சாலையோரக் கடையில் வரிசையாக நிற்கும் பழரசப் போத்தல்கள்.

எவனும் சத்தம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் எல்லாரும் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். சத்தம் குறைக்கச் செய்த வேலையைப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது.

இணைய மன்றங்களில் வேறு இனம். தண்ணீர் முதலில் அட்டைக்குப் போக வேண்டுமா, சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்கா என்று வருடக்கணக்கில் சண்டை. மூடிய சுற்று, தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, சற்று நேரத்தில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சூடு. அவ்வளவுதான் விஷயம். கட்சி மாநாடுகளுக்குப் போய்ச் செய்தி எழுதியவன் நான். அங்கேகூட மத்தியானச் சாப்பாட்டுக்காவது சண்டையை நிறுத்துவார்கள்.

உருப்படியாகக் கிடைத்தவை:
– செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் கூடாது. ஒன்று மற்றதை அரிக்கும்.
– வளைவு நெருக்கமானால் குழாய் மடிந்து அடைத்துக்கொள்ளும்.
– முதலில் பம்பை மட்டும் ஓட்டி ஒழுக்குப் பார்க்க வேண்டும்.
– குழாய்த் தண்ணீர் கூடாது. உப்பு, பாசி.


நவம்பர் 5, புதன்

இன்று அவமானம்.

ரோ. சமையலறையில். கருவி போட்டிருந்தாள் (கணினியை நிறுத்தியிருந்தேன்). சந்தோஷமாகச் சொன்னேன்: “ரோசி, அடுத்த வாரம் லூப் வைக்கப்போறேன்.”

இந்தத் தண்ணீர்ச் சுற்றுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். எல்லாக் காணொளியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “யாருக்கு?”

“ஹால்ல இருக்குல்ல, அதுக்கு.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவள் தோட்ட மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நான் வேலை செஞ்ச காலத்துல, புள்ள வேணாம்னு வந்த எத்தனை பேருக்கு லூப் வெச்சிருக்கேன் தெரியுமா? பாதிப் பேரு புருஷனுக்குத் தெரியாம. அறுபத்து நாலு வயசு ஆம்பிளை வந்து எனக்கு வைக்கணும்னு கேட்டது இதுதான் முதல் தடவை.”

சிரித்தாள். அது பரவாயில்லை. தம்பிக்குக் குரல்செய்தி அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவியிருக்கிறது. அல்போன்ஸ் கூப்பிட்டான்: “மச்சான், லூப் வெச்சாச்சா? ரெண்டு நாளைக்கு வெயிட்டு கியிட்டு தூக்காதீங்க லா.”

இரவல் சொல்லைப் பிடித்துத் தொங்கினால் இதுதான் கதி. தீர்மானம்: இந்த வேலை முடியும்வரை தமிழ்ச்சொல் மட்டும். லூப் = சுற்று. பம்ப் = எக்கி. ரேடியேட்டர் = வெப்பம் ஆற்றி. நாளிதழில் எத்தனை பேரின் மொழியைத் திருத்தியிருக்கிறேன். வீட்டில் செய்ய முடியாதா.


நவம்பர் 7, வெள்ளி

மத்தியானம் சிறிது வெயில். அதையும் சுற்றுலாக்காரர்கள் படமெடுத்தே தீர்த்துவிட்டார்கள்.

அளவெடுப்பு. பெட்டி பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவு. ரோ. அலமாரியில் ஒதுக்கித்தந்த இடம் சோற்றுப் பானை அளவு. அதற்கு இதுதான் கிடைத்தது. தயாரித்தவனின் குறிப்பு, இருநூற்று நாற்பது மில்லிமீட்டர் வெப்பம் ஆற்றியை இது “ஆதரிக்கிறது” என்கிறது. ஆதரவு என்ற சொல்லை அரசியல்வாதிகளிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும். இருந்தது.

வெப்பம் ஆற்றியின் தடிமன் 27. சாதாரண விசிறி 25. கூட்டினால் 52. உள்ளே இருக்கும் இடம் 45. ஆதரிக்கிறதாம்.

மெல்லிய விசிறி 15. கூட்டினால் 42. மூன்று மிச்சம். மெல்லியது மெதுவாகச் சுற்றினால் போதும். இந்த மலைக் குளிர் நமக்குச் செய்கிற ஒரே உபகாரம்.

தேயிலைப் பெட்டி அட்டையை வெட்டி ஒவ்வொரு பாகமாகப் போலி செய்து உள்ளே வைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவையில் எல்லாம் அடங்கியது. குழாய்க்கு வழி: கணினி அட்டையின் பின்பக்கம், மின்கம்பிகளுக்குக் கீழே, ஒரே ஒரு வளைவு.

ரோ. வந்து எட்டிப்பார்த்தாள். “குடல் மாதிரி சுத்தி வெச்சிருக்கீங்க.” கருவி காதில் இல்லை. இன்று மத்தியானமே கழற்றியாயிற்று.


நவம்பர் 8, சனி

ஈப்போ. சிம்பாங் பூலாய் வழியாக இறக்கம். ரோ.வும் வந்தாள்.

கணினிக் கடைக்காரன் நம் தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயது இருக்கும். முதல் கேள்வி: “அங்கிள், கேமரன்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு வாட்டர் கூலிங்? ஜன்னலத் தொறந்து வெச்சாலே போதும் லா.”

ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொன்னேன். நம்பவில்லை. மலையைச் சனி ஞாயிறில் மட்டும் பார்த்தவன்.

வெப்பம் ஆற்றி எடுத்துவந்தான். செம்பு என்றான். கையில் காற்றாக இருந்தது. அலுமினியமா என்று கேட்டேன். ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினான். “பாருங்க அங்கிள், ஒட்டலை. செம்பேதான்.” அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பதை எந்த வகுப்பில் நிறுத்திவிட்டார்கள் தெரியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்து, கனமான ஒன்றை உள்ளேயிருந்து வரவழைத்தேன். ஒரு செய்திக்கு இரண்டு ஆதாரம்; ஒன்று தயாரித்தவனின் குறிப்பு, இன்னொன்று என் கை.

வாங்கியவை: அட்டைக்கு ஒன்று, கணினியின் மூளையான செயலிக்கு ஒன்று என்று, சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் குளிர்தகடு இரண்டு. செயலித் தகட்டோடு சேர்ந்தே எக்கி. வெப்பம் ஆற்றி. மெல்லிய விசிறி இரண்டு. மென்குழாய். இணைப்புகள்.

தண்ணீர் கேட்டேன். நீல நிறத்தில் ஒரு போத்தலைக் காட்டினான். இருட்டில் ஒளிருமாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதற்கிடையில் ரோ. கருவிகளைக் கைப்பைக்குள் போட்டிருந்தாள். பேரங்காடி இரைச்சல். “எல்லாரும் ஒரே நேரத்துல என் காதுக்குள்ள வந்து பேசுறாங்க” என்றாள். திரும்பும் வழி. கம்போங் ராஜாவில் சோளம் வாங்கலாமா என்று கேட்டேன். சிரித்துத் தலையாட்டினாள். நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.


நவம்பர் 10, திங்கள்

மழை. பெர்த்தாம் பக்கம் சாலையில் சேறு என்று தகவல். ஓய்வுக்குப் பிறகும் விடாத பழக்கம், நாளிதழுக்கு நான்கு வரி அனுப்பினேன். அதிலும் இரண்டை வெட்டுவார்கள்.

அல்போன்ஸ் நாளை தொழிற்சாலை வேலையாக ஈப்போ இறங்குகிறான். விட்டுப்போன தண்ணீரை அவன் வாங்கிவரட்டும். தெளிவாக எழுதி அனுப்பினேன்: “காய்ச்சி வடித்த நீர், இரண்டு லிட்டர். சாதாரணத் தண்ணீர் ஆகாது. கணினிக்கு.” பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் படித்த சொல். இதைவிடச் சுத்தமாக ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்குச் சொல்ல முடியாது.

பதிலுக்குக் கட்டைவிரல் படம். நான்கு சொல் எழுதச் சோம்பேறித்தனம்.


நவம்பர் 13, வியாழன்

பொருத்தும் நாள். மழை விட்டுவிட்டு.

அட்டையின் பழைய விசிறிகளைக் கழற்றினேன். உள்ளே தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. குளிர்தகடு உட்கார்ந்தது. வெப்பம் ஆற்றி உட்கார்ந்தது, மூன்று மில்லிமீட்டர் மிச்சத்தோடு. பாகங்களோடு வந்த விளக்கத்தாளைப் படித்தேன். “திருகை அன்போடு முறுக்கவும்” என்று மொழிபெயர்த்திருக்கிறான். எந்த மொழியிலிருந்து, எந்த மொழிக்கு.

குழாய் இணைப்பில் ஏறவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ரோ. வந்து பிடுங்கிக்கொண்டாள். குழாயின் நுனியை நேராக வெட்டினாள், சுடுதண்ணீர்க் கோப்பையில் சற்று முக்கினாள், ஏற்றினாள். “எத்தனை நோயாளிக்கு ட்ரிப்பு மாட்டியிருப்பேன்” என்றாள். பெருமையாகச் சொன்னாளா அலுப்பாகச் சொன்னாளா தெரியவில்லை. முகம் மட்டும் வேலைக்குப் போன காலத்து முகம்.

அல்போன்ஸ் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆரஞ்சு ஜூஸ் போத்தல் இரண்டு, லேபிள் கிழித்தது. மலிவாக எங்கேயோ ஊற்றி வாங்கியிருப்பான்.


நவம்பர் 14, வெள்ளி

தண்ணீர் நிரப்பினேன். எக்கியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் மெல்லிய தாள்.

ஒழுகவில்லை. ஆனால் சத்தம். யாரோ வாய் கொப்பளிப்பதுபோல். ரோ. கருவி போட்டுக்கொண்டு வந்து காதை வைத்தாள். “காத்து ஏறிடுச்சு. சாய்ங்க.” சாய்த்தேன். குழாயை விரலால் சுண்டினாள். குமிழி ஒவ்வொன்றாக மேலேறி, கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. எக்கியின் வேகத்தையும் பாதிக்குக் குறைத்தேன்.

“இப்ப?”

“எது?”

“சத்தம்.”

“ஓடுதா?” என்றாள்.

கருவியைக் கழற்றாமலே துணி மடிக்கப் போனாள். நாளை முழுக்க ஒழுக்குச் சோதனை. அட்டைக்கு இன்னும் மின்சாரம் இல்லை.


நவம்பர் 16, ஞாயிறு

ஒழுக்கு இல்லை. தாள்கள் உலர்ந்தே இருந்தன.

பூசைக்குப் பிறகு அல்போன்ஸ் வந்தான். ரோ. சமையலறையில், அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு. நானும் அவனும் ஹாலில். தண்ணீர் எப்படி என்று கேட்டான். நன்றாக இருக்கிறது, ஈப்போவில் எந்தக் கடை என்றேன்.

“கடையா? நம்ம வீட்டு மலைத்தண்ணிதான் மச்சான்.”

எழுந்துவிட்டேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “நீங்கதானே எழுதினீங்க, காய்ச்சி வடிச்ச தண்ணின்னு? என் பொண்டாட்டி நல்லாக் காய்ச்சி, வேட்டித்துணியில ரெண்டு தடவை வடிச்சுக் குடுத்தா. கம்ப்யூட்டருக்குன்னு சொன்னேன். அதனால துணியும் புதுசு.”

ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கிற தண்ணீர், உப்பு ஒரு துளி இருக்கக் கூடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு: “அட, பேட்டரித் தண்ணி. அப்படிச் சொல்லியிருந்தா இங்கே தானா ராத்தா டவுன் மோட்டார் கடையிலேயே வாங்கியிருப்பேனே. நான் கூட நெனச்சேன், மெஷினுக்கும் டயரியாவான்னு.”

அப்போது சமையலறையிலிருந்து சிரிப்பு. எட்டிப்பார்த்தேன். ரோ. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க. அவன் சொன்னது தாழ்ந்த குரலில். அவள் முகம் சுவரைப் பார்த்து. நடுவில் பலகைத் தடுப்பு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

கேட்டிருக்கிறாள்.

அல்போன்ஸுக்கு அது எட்டவில்லை. துணி எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.


நவம்பர் 18, செவ்வாய்

மலைத்தண்ணீரை வடித்து எடுத்தேன். (இந்த இடத்தில் ‘வடித்து’ சரியான சொல்.) பேட்டரித் தண்ணீரால் மூன்று முறை அலசி, அதையே நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு மருந்து. மோட்டார் கடைக்காரர் எந்தக் காருக்கு என்று கேட்டார். கேட்கட்டும்.

மறுபடி சாய்த்து, சுண்டி, குமிழி எடுத்தது ரோ.


நவம்பர் 19, புதன்

காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் இணைத்து ஓடவிட்டேன். முதல் நாடா, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அட்டை சூடேறியது, ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. விசிறிகள் சுற்றுகின்றனவா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கையுறைப் பையன்களில் ஒருவன் இப்போது இங்கே வந்து, பாட்டுப் போடாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரோ. நாள் முழுக்கக் கருவியோடு. கூரையில் மழை விழுகிற இடத்துக்கு இடம் சத்தம் வேறாக இருக்கிறதாம். கொல்லைக் கதவு கீச்சிடுவதை நான் ஏன் சொல்லவே இல்லை என்று கோபித்தாள். எண்ணெய் விட்டேன்.


நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. ஈப்போ.

பரிசோதனைப் பெண் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்தாள். முதலில் முகம் சுளித்தாள். கடைசிச் சில நாட்களைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்படியே போடுங்கள் என்றாள். கொஞ்சம் சத்தம் கூட்டிக் கொடுத்தாள். பாதி ஆங்கிலம், பாதி மலாய், நடுவில் நடுவில் தமிழ் மாதிரி ஏதோ.

வெளியே வந்து காரில் ஏறினோம். மேட்டில் திரும்பும்போது ரோ. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பிறகு:

“அந்தப் பொண்ணைக் கழுதைன்னீங்க.”

“எப்ப?”

“உள்ள. என் பக்கத்துல உக்காந்துகிட்டு. தமிழ் வராத கழுதைன்னு.”

சொல்லியிருக்கலாம். வாய்க்குள்தான்.

“நேத்து சாப்பிடும்போது அல்போன்ஸை மடையன்னீங்க. ஞாயித்துக்கிழமை ஃபாதர் பிரசங்கம் பண்ணும்போது, பாவம், அவரை. மோட்டார் கடைக்காரரை. நாலு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். நிறுத்தவே மாட்டேங்குறீங்க.” ஜன்னல் பக்கம் திரும்பினாள். “இத்தனை வருஷமும் இப்படித்தானா? எனக்குத்தான் கேட்கலையா?”

நிருபர் வேலையில் கற்றது: கேள்வி சரியாக இருந்தால் பதில் சொல்பவன் முதலில் தண்ணீர் குடிப்பான். போத்தலை எடுத்துக் குடித்தேன்.

“என்னையும் சொல்லியிருப்பீங்க.”

சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

“அதுக்கு உங்க மெஷின் சத்தமே தேவலாம் போலிருக்கு” என்றாள். கை காதுக்குப் போயிற்று. கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். முடியை ஒதுக்கிவிட்டுக் கை கீழே வந்தது.

கம்போங் ராஜா தாண்டியாயிற்று. கியா பார்மில் வழக்கமான நெரிசல். முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து. சாலை நடுவில் நிறுத்தி ஆட்களை இறக்கினான். ஒருத்தி ஸ்ட்ராபெர்ரி பொம்மைத் தொப்பியோடு எங்கள் காரின் முன்னால் நின்று தன்னையே படமெடுத்துக்கொண்டாள். சிரித்துப் பார்த்தாள், சரியில்லை, மறுபடி எடுத்தாள். சொல்ல நிறைய இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

ரோ. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”